ரட்ஸ்டன் கல்லும் அம்மாவோட ஜெபமும்

அம்மா பாளையங்கோட்டைல இருந்து வந்திருந்தாங்க, இங்கிலாந்துல எங்க லீட்ஸ் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்து ஒரே புலம்பல், "பழைய கோயிலா ஒண்ணு காட்டுடா, ஜெபம் பண்ணிட்டு வருவோம்"னாங்க. சரின்னு பிரிட்லிங்டன் பக்கத்துல ரட்ஸ்டன்னு ஒரு கிராமத்துக்கு கார எடுத்தேன். மேட்டு மேல சகல பரிசுத்தவான்கள் ஆலயம், நார்மன் காலத்து கோபுரம், சுமார் 900 வருஷப் பழசு. ஆனா கேட்ட தாண்டுனதும் கோபுரத்த யாரு பாக்குறா? கல்லறைகளுக்கு நடுவுல, ஆலயத்துக்குப் பக்கத்துலயே 25 அடி உயரத்துக்கு ஒத்தக் கல்லு நிக்குது. பிரிட்டன்லயே உயரமான நெடுங்கல் இதுதான், 40 டன் இருக்கும்ங்கிறாங்க. அரசாங்கம் பாதுகாக்குற சின்னம். உச்சி கரையாம இருக்க ஈயத்துல மூடி போட்டிருக்காங்க, அம்மா "பாவம், குளிருக்கு குல்லா"ன்னு சிரிச்சாங்க.

4000 வருஷத்துக்கு மேல பழசு. இந்த ஊரு பூரா சுண்ணாம்புப் பாறை, கல்லு வேற ரகம், 16 கிலோமீட்டர் வடக்க கேட்டன் பே பக்கம் இருந்து இரும்பே இல்லாத காலத்துல இழுத்துட்டு வந்திருக்கணும். எதுக்குன்னு தான் கேள்வி. சுத்தி வயல்ல கர்சஸ்னு, ரெண்டு பக்கமும் பள்ளம் தோண்டுன நீள நீளமான பாதைங்க இருந்திருக்கு, இப்ப விமானத்துல எடுத்த போட்டோல தான் கோடா தெரியும், அதுல சிலது இந்தக் கல்லப் பாத்து தான் வருதாம். அதனால ஊர்வலமா வந்து கூடுற இடம்ங்கிறாங்க, செத்தவங்க நினைவுக்குங்கிறாங்க, ஜிப்ஸி ரேஸ்னு அப்பப்ப ஓடி அப்பப்ப வத்திப்போற ஓடை இங்க திரும்புதே, அந்தத் தண்ணிக்காகன்னும் ஒரு பேச்சு. எனக்கென்னவோ ஊர்வலம் தான் சரின்னு படுது. சாத்தான் ஆலயத்து மேல எறிஞ்சு குறி தப்பிடுச்சுன்னு ஊர்க்கதை வேற இருக்கு, ஆலயம் வர்றதுக்கு 3000 வருஷம் முன்னாடியே எறிஞ்சிருக்கான், ரொம்பத்தான் அட்வான்ஸ்!

பழைய இங்கிலீஷ்ல ரூட்னா சிலுவை, அதுல இருந்து தான் ஊர்ப்பேரு, கல்லு மேலயே சிலுவை வச்சிருந்திருப்பாங்க போல. கி.பி. 601லயே போப் கிரிகோரி, இங்கிலாந்துக்கு ஊழியத்துக்குப் போனவங்களுக்கு, ஜனங்க பழகுன கோயில இடிக்காதீங்க, விக்கிரகத்த மட்டும் எடுங்கன்னு எழுதி அனுப்புனவரு தான, கல்லத் தேடி ஆலயம் வந்ததுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல.

இதெல்லாம் சொல்லிட்டு திரும்புனா அம்மா கல்லுல கைய வச்சு கண்ண மூடி நிக்குறாங்க. "அம்மா, உபாகமத்துல சிலைய நிறுத்தாதன்னு இருக்கு"ன்னு சும்மா சீண்டுனேன். "யாக்கோபு பெத்தேல்ல தலைக்கு வச்ச கல்ல நிறுத்தி எண்ணெய் ஊத்துனானே, அத எங்க வைக்க? நான் கல்லக் கும்பிடலடா, இத இழுத்துட்டு வந்தவங்களுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லிக்கிட்டேன்"னாங்க.

ஆலயத்துக்குள்ள அஞ்சு நிமிஷம் தான் உக்காந்தோம். அப்புறம் அவங்க எந்திரிச்சு திரும்ப கல்லுகிட்டயே போய்ட்டாங்க.