நவம்பரும் மார்ச்சும்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து மார்ச்சில் சூடுபிடித்து ஏப்ரல் முதல் வாரத்தில் முடியும். அந்த மாதங்களில் எங்கள் சென்னை அலுவலகத்தில் விடியுமுன்பே ஆட்கள் வந்துவிடுவார்கள். நியூயார்க்கில் மாலை ஏழு மணி ஆட்டம் என்றால் இங்கே விடியற்காலை ஐந்தரை. வீடியோ வந்ததும் அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் டேக் போட வேண்டும். பந்து யார் கையில் இருந்தது, காக்கும் ஆளை வழிமறித்து ஸ்க்ரீன் போட்டது யார், டிஃபென்ஸில் நின்றது யார், எங்கிருந்து எறிந்தார்கள், விழுந்ததா என்று எல்லாம் பதிவாக வேண்டும். நான் அந்த வேலையில் தொடங்கி, பிறகு ஆட்டக்காரர்களைப் பற்றிக் குறிப்பு எழுதும் பிரிவுக்கு மாறினேன்.

குறிப்புகள் போய்ச் சேரும் இடம், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் ஜூன் மாத டிராஃப்ட். 30 அணிகள், இரண்டு சுற்று, அதிகபட்சம் 60 பேர். 2006 டிராஃப்ட்டிலிருந்து அமெரிக்கப் பையன்கள் பள்ளி முடித்த கையோடு நேராக வர முடியாது. அந்த ஆண்டுக்குள் 19 வயது ஆகியிருக்க வேண்டும், பள்ளி முடித்து ஒரு வருடமும் போயிருக்க வேண்டும். அதனால் பெரும் திறமைசாலிகள் பலர் ஒரே ஒரு வருடம் கல்லூரியில் ஆடிவிட்டுப் போய்விடுகிறார்கள். முப்பது சொச்சம் ஆட்டங்கள்தான் கையில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு, இந்தப் பையன் 25 வயதில் எப்படி ஆடுவான் என்று சொல்ல வேண்டும். எங்கள் படிவத்தில் ‘பொடென்ஷியல்’ என்று ஒரு கட்டம் உண்டு. 1 முதல் 10 வரை ஒரு எண் போட வேண்டும். மற்ற கட்டங்களை எல்லாம் நிரப்பிவிட்டுக் கடைசியாகத்தான் அதற்கு வருவேன்.

சேர்ந்த புதிதில் எனக்கு டீம் லீடாக இருந்த அக்கா பல்கலைக்கழக அணியில் ஆடியவர். ஒருநாள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவர், “தம்பி, உன் கண்ணு பந்து பின்னாடியே போகுது. பாஸ் கொடுத்த அப்புறம் அவன் கால் என்ன பண்ணுதுன்னு பாரு” என்றார்.

“ஆனா டேக் எல்லாம் பந்தை வெச்சுத்தானேக்கா?”

“டேக் போட்டு முடிச்சிட்டு, அதே கிளிப்பை இன்னொரு வாட்டி ஓட்டு. பந்து வெச்சிருக்கிறவனை விட்டுட்டு மத்த நாலு பேரைப் பாரு.”

எனக்கு இந்தத் தொழிலில் கிடைத்த நல்ல பயிற்சி அதுதான். பந்தைப் பிடிக்கும் முன்பே அடுத்த பாஸ் எங்கே என்று தலையைத் திருப்பிப் பார்க்கிறானா? தன் ஆளை விட்டுவிட்டு உதவிக்குப் போனவன் திரும்பி ஓடுகிறானா, நடக்கிறானா? எறிந்தது விழாதபோது கையை விரித்து நிற்கிறானா, தெறித்த பந்தைப் பிடிக்க ரீபவுண்டுக்குப் போகிறானா? இவை எதுவும் புள்ளிக் கணக்கில் வராது. பார்த்துப் பழகிய பிறகு இவைதான் முதலில் கண்ணில் படும்.

கல்லூரிப் புள்ளிக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு ஆட்ட விதிகளே ஒரு காரணம். என்.பி.ஏ.வில் டிஃபென்ஸ் ஆடுபவர் யாரையும் காக்காமல் கூடைக்கு முன்னால் மூன்று விநாடிக்கு மேல் சும்மா நிற்க முடியாது. கல்லூரி ஆட்டத்தில் அந்தத் தடை கிடையாது. கூடைக்கடியில் ஆடும் உயரமான சென்டர் அங்கேயே குடியிருக்கலாம். அதனால் வெளியிலிருந்து பந்தோடு உள்ளே புகுந்து, கூடைக்குப் பக்கத்தில் லே-அப் போடும் கார்டு அங்கே திணறுவான், இடம் திறந்த தொழில்முறை ஆட்டத்தில் பறப்பான். கூடைக்கடியில் நின்றே பெயர் வாங்கிய உயரக்காரன் என்.பி.ஏ.வில் வெளியே வந்து காக்க வேண்டியபோது தடுமாறுவான். வெளியிலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி தரும் த்ரீ பாயிண்ட் கோடும் வேறு. கல்லூரியில் அது 22 அடி 1¾ அங்குலத்தில் இருக்கிறது. என்.பி.ஏ.வில் நடுவில் 23 அடி 9 அங்குலம். ஒரு கைமுழ தூரம்தான். ஆனால் கால் களைத்த நான்காம் குவார்ட்டரில் அந்த ஒரு முழத்தில்தான் பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பும்.

ஒருவன் பின்னாளில் நன்றாக எறிவானா என்று பார்க்க, எங்கள் தொழிலில் பலரும், எதிரணி ஃபவுல் செய்தால் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவின் சதவீதத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள். ஒரு சீசனில் ஒரு பையன் எறியும் த்ரீ பாயிண்ட் நூறு சொச்சம்தான் இருக்கும். அதில் பத்து கூடுதலாக விழுந்தாலே அவன் பெரிய ஷூட்டர் ஆகிவிடுவான். ஃப்ரீ த்ரோவில் யாரும் மறிப்பதில்லை. எப்போதும் அதே 15 அடி, அதே கை. கவாய் லெனார்ட் சான் டியாகோ ஸ்டேட்டில் ஆடிய இரண்டு வருடத்தில் அவர் எறிந்த த்ரீ பாயிண்டுகளில் நாலில் ஒன்றுதான் விழுந்தது. ஃப்ரீ த்ரோவோ நாலில் மூன்று விழுந்தது. 2011 டிராஃப்ட்டில் 15ஆவது இடத்தில் போனார். சான் அன்டோனியோவில் ஷூட்டிங் கோச் சிப் எங்கெலண்ட் அவர் பந்தை விடும் இடத்தைச் சற்றே தாழ்த்தினார். முதல் சீசனிலேயே 37 சதவீதத்துக்கு மேல் த்ரீ பாயிண்ட் விழுந்தது.

மார்கெல் ஃபுல்ட்ஸ் இதற்கு நேர்மாறு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் த்ரீ பாயிண்ட் 41 சதவீதம், ஃப்ரீ த்ரோ 65 சதவீதம். 2017இல் முதல் ஆளாகப் போனார். என்.பி.ஏ. சென்றதும் அவருடைய எறியும் முறையே குலைந்துபோனது. பின்னால் தோள்பட்டைப் பக்கம் நரம்பு அழுத்தப்படும் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதை எந்தச் சதவீதமும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது. ஃபுல்ட்ஸைத் தோற்றவர் என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். உடம்பு ஒத்துழைக்காத நிலையிலும் எறிவதைத் திரும்பப் பழகி, தொடர்ந்து ஆடிய பையன் அவர்.

அளவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் சிகாகோவில் நடக்கும் முகாமில் செருப்பில்லாமல் உயரம், விரித்த கைகளின் நீளம், எம்பும் உயரம் எல்லாம் அளப்பார்கள். கை நீளம் உண்மையிலேயே முக்கியம், அது வளர்த்துக்கொள்ள முடியாத சொத்து. பலம் அப்படி இல்லை. 2007இல் கெவின் டுரான்ட்டால் 84 கிலோ எடையை ஒரு முறைகூடத் தூக்க முடியவில்லை என்பது அன்று பெரிய செய்தி. இரண்டாவது இடத்தில் போன அவர் 2014இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். அவருக்கு முன்னால் முதலாவதாகப் போன கிரெக் ஓடன், முழங்கால் காயங்களால் மொத்தம் 105 ஆட்டங்களோடு நின்றுவிட்டார்.

என் வேலையில் எனக்குப் பிடித்த பகுதி, ஒரே பையனின் நவம்பர் ஆட்டத்தையும் மார்ச் ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்ப்பது. பெயர் சொல்லாமல் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். 19 வயது சென்டர், ஆறடி பதினொரு அங்குலம், பெரிய பெயர் இல்லாத கல்லூரி. நவம்பரில் எதிரணிக் கார்டு ஸ்க்ரீனைச் சுற்றிக்கொண்டு வரும்போது இவன் கூடைக்கடியிலேயே நின்றுவிடுவான். கார்டுக்கு முன்னால் பத்தடி காலி இடம், நிதானமாக நின்று எறிந்துவிட்டுப் போவான். கோச் திட்டியிருக்க வேண்டும். அடுத்த ஆட்டத்தில் வெளியே பாய்ந்து வந்தான், ஸ்க்ரீன் போட்டவன் பின்னால் நழுவிக் காலிக் கூடையில் டங்க் அடித்தான். டிசம்பர் முழுக்க இப்படியே ஒன்று மாற்றி ஒன்று.

ஜனவரி நடுவில் ஒரு கிளிப்பில் அவன் கால் மாறியிருந்தது. அதுவரை இரண்டு பாதமும் கார்டைப் பார்த்து நேராக இருக்கும். இப்போது ஒரு பாதம் பின்வாங்கிச் சாய்வாக இருந்தது, இடுப்பு தாழ்ந்திருந்தது. பாதித் தூரத்தில் நின்று இரண்டு பேரையும் பார்வைக்குள் வைத்திருந்தான். அப்போதும் புள்ளி போனது. படிவத்தில் அதுவும் ஒரு தோல்விதான். பிப்ரவரியில் பாஸ் போகும் வழியில் இடது கையை நீட்ட ஆரம்பித்தான். மார்ச்சில் ஒரு ஆட்டம். கார்டு ஸ்க்ரீனைத் தாண்டி வந்தான், எறியப் பார்த்தான், பாஸ் கொடுக்கப் பார்த்தான், இரண்டும் முடியாமல் பந்தை வெளியே திருப்பிக் கொடுத்துவிட்டான். எறிவதற்குக் கெடு வைக்கும் ஷாட் க்ளாக்கில் ஏழு விநாடி வீணானது. அதற்கு எங்கள் மென்பொருளில் டேக் கிடையாது. பிளாக் இல்லை, ஸ்டீல் இல்லை, ரீபவுண்ட் இல்லை. நான் தனியாக வெட்டி எடுத்து, நவம்பர் கிளிப்பையும் அதோடு சேர்த்து, குறிப்பின் தலைப்பிலேயே வைத்து அனுப்பினேன்.

அதே சீசனில் நவம்பரிலேயே ஜொலித்த ஒரு கார்டும் இருந்தான். எப்போதும் வலது பக்கமாகத்தான் உள்ளே புகுவான். பிப்ரவரியில் எல்லா அணிகளும் அவன் வலது பக்கத்தில் வந்து நின்றுகொண்டன. மார்ச்சிலும் அவன் வலது பக்கமாகவே போய்க்கொண்டிருந்தான். அன்றைய நிலையில் இருவரில் சிறந்தவன் அவன்தான். இருந்தாலும் படிவத்தின் ‘பொடென்ஷியல்’ கட்டத்தில் சென்டருக்கே அதிக எண் போட்டேன், இன்றும் போடுவேன்.

ஆனால் பையனை மட்டும் பார்த்து எழுதும் எண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. 2013 டிராஃப்ட்டைப் பாருங்கள். முதலாவதாகப் போன ஆந்தனி பென்னெட்டுக்கு அதற்கு முந்தைய மாதம்தான் தோளில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. கோடை ஆட்டங்களில் ஆடவில்லை, எடை கூடி வந்தார். முதல் இடத்துக்கான எதிர்பார்ப்பு முதல் நாளிலிருந்தே அழுத்தியது. நான்கு சீசனில் என்.பி.ஏ. வாழ்க்கை முடிந்தது. அதே டிராஃப்ட்டில் 15ஆவது இடத்தில் கிரீஸின் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த 18 வயது யானிஸ் அன்டெட்டோகூன்போவை மில்வாக்கி எடுத்தது. அந்த சீசனில் மில்வாக்கி 82 ஆட்டங்களில் 15 மட்டுமே வென்ற அணி. தோற்றுக்கொண்டிருந்த அணியில் ஒல்லிப் பையன் ஒருவன் ஆட்டத்துக்கு 24 நிமிடம் தவறு செய்து கற்றுக்கொள்ள இடம் கிடைத்தது. 2019, 2020 இரண்டிலும் லீகின் சிறந்த ஆட்டக்காரர், 2021இல் சாம்பியன். 2014இல் 41ஆவது இடத்தில் போன நிகோலா யோகிச்சை டென்வர் அவசரப்படுத்தவில்லை. இன்னும் ஒரு வருடம் செர்பியாவிலேயே ஆடிவிட்டு வந்தார்.

இந்த இடத்தில் சத்னாம் சிங்கை நினைக்காமல் இருக்க முடியாது. பஞ்சாபின் பல்லோ கே கிராமத்திலிருந்து சிறு வயதில் ஃப்ளோரிடா அகாடமிக்குப் போன பையன். ஏழடி இரண்டு அங்குலம். 2015இல் டல்லாஸ் அணி 52ஆவது ஆளாக எடுத்தது. என்.பி.ஏ. டிராஃப்ட்டில் தேர்வான, இந்தியாவில் பிறந்த முதல் ஆட்டக்காரர் அவர்தான். பந்து பிடித்துப் பார்த்த ஒவ்வொருவருக்கும் இங்கே அன்று எவ்வளவு பெருமை! அவர் ஒரு என்.பி.ஏ. ஆட்டம்கூட ஆடவில்லை. காலத்தைக் கணக்கில் எடுக்காமல் இதைப் பேசக் கூடாது. அதே ஜூன் மாதம்தான் கோல்டன் ஸ்டேட், தன் சென்டரை உட்காரவைத்துவிட்டு உயரம் குறைந்த ஐந்து பேரோடு இறங்கி இறுதித் தொடரை வென்றது. கூடைக்கடியில் நிற்கும் பெரிய உடம்புக்கான வேலை லீக் முழுக்கச் சுருங்க ஆரம்பித்த நேரம் அது. கல்லூரி ஆட்டமே ஆடாமல், 19 வயதில், ஒப்பந்த உத்தரவாதம் இல்லாத இரண்டாம் சுற்றில் வந்தவருக்கு அந்த மாற்றத்தோடு சேர்ந்து மாற எத்தனை நவம்பர்கள் கிடைத்தன? சிறிய லீகில் இரண்டு சீசன். பத்து வருடம் முன்னால் பிறந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

எங்கள் குறிப்புகளை வாங்கும் கிளையண்ட்டுகளோடு எனக்கு இருக்கும் பெரிய கருத்து வேறுபாடு வயது பற்றியது. 22 வயதுப் பையனை அனுப்பினால், “இதற்கு மேல் வளர மாட்டான்” என்று ஒதுக்கிவிடுவார்கள். 19 வயதுக்காரனுக்கு அதிக காலம் இருக்கிறது என்பது சரிதான், நானும் அதைக் கணக்கில் எடுக்கிறேன். ஆனால் மூன்று நான்கு வருடம் ஆடியவனிடம், அவன் எப்படிக் கற்றுக்கொள்கிறான் என்பதற்கான சான்று கையிலேயே இருக்கிறது. ஜேலன் பிரன்சன் வில்லனோவாவில் மூன்று வருடம் ஆடினார். 2016, 2018 இரண்டு தேசியக் கோப்பைகள், கடைசி வருடம் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர். அப்படியும் 32 பேர் போன பிறகே அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். குள்ளம், வயதாகிவிட்டது என்றார்கள். இன்று நியூயார்க் அணி அவரைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

2021 ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் புகழையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனது. காசுக்காக அவசரமாக டிராஃப்ட்டுக்கு ஓட வேண்டிய கட்டாயம் பலருக்குக் குறைந்துவிட்டது. மூன்றாம் வருடம், நான்காம் வருடம் என்று தங்குபவர்கள் கூடியிருக்கிறார்கள். எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். முன்பெல்லாம் ஒருவனைப் பற்றி எழுத ஒரே ஒரு நவம்பரும் ஒரே ஒரு மார்ச்சும்தான் இருந்தன. இப்போது பட்டியல் வந்ததும் நான் முதலில் திறப்பது அந்த நான்காம் வருடக்காரர்களின் கோப்புகளைத்தான். முதல் வருடத்தின் முதல் ஆட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.