பட்டியலில் இல்லாத மாவட்டம்

வாலாஜாபேட்டையில் இ-சேவை மையக் கணினியின் முன் உட்காரத் தொடங்கிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. மாவட்டம் என்ற கட்டத்தைத் தொட்டால் பட்டியல் விரியும். முன்பு வேலூரைத் தேர்ந்தெடுத்தோம். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ராணிப்பேட்டை.

சென்ற ஆண்டு ஒரு செவிலியர் தன் அப்பாவுடன் வந்தார். வெளிநாட்டு வேலைக்கு ஆவணம் சரிபார்க்கும் முகவர், "உங்கள் பிறப்புச் சான்றிதழில் உள்ள மாவட்டம் எங்கும் இல்லையே" என்று திருப்பியிருக்கிறார். வாங்கிப் பார்த்தேன். 1993ஆம் ஆண்டுக் காகிதம். மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. மங்கிய ஊதா முத்திரையைச் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடிந்தது: வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்.

1989இல் பழைய வடஆற்காடு பிரிந்தபோது திருவண்ணாமலைப் பக்கத்துக்குச் சம்புவராயர் பெயரும், எங்கள் பக்கத்துக்கு அம்பேத்கர் பெயரும் வந்தன. அப்போது அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்களின் பெயர்கள்தான்; எங்கள் பஸ்களில் திராவிட இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரி பெயர் இருந்தது. விருதுநகரில் புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு, பட்டியல் சாதியில் பிறந்த கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததும் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. 1997இல் பஸ்களில் இருந்த தலைவர்களின் பெயர்களை எல்லாம் அரசு எடுத்துவிட்டது. தொண்ணூறுகள் முடிவதற்குள் எங்கள் மாவட்டமும் வெறும் வேலூர் ஆகிவிட்டது.

அதே திரையில், வட்டம் என்ற கட்டத்தில் வாலாஜா இருக்கிறது. ஆற்காடு நவாப் முகமது அலியின் பட்டப்பெயர் அது. இருநூறு ஆண்டுகள் தாண்டியும் நிற்கிறது, நிற்கட்டும். ஆனால் அரசியலமைப்புச் சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரின் பெயர் எங்கள் மண்ணில் பத்து ஆண்டுகூட நிலைக்கவில்லையே என்பது ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது. அந்தச் சில ஆண்டுகளில் இங்கே பிறந்த பிள்ளைகளின் காகிதங்களில்தான் அவர் இன்னும் இருக்கிறார்.

"அண்ணா, வேலூர் என்று மாற்றிப் புதிதாக வாங்கிவிடலாமா?" என்று கேட்டார் அந்தப் பெண்.

அதுவரை பேசாதிருந்த அப்பா சொன்னார்: "வேண்டாம்மா. நீ பிறந்தபோது இருந்த பெயர் அது."

மூன்று பெயரும் ஒரே இடத்தைக் குறிப்பவை என்று ஆண்டுகளோடு ஒரு விளக்கக் கடிதம் தட்டச்சு செய்தேன். அந்தப் பெண்ணின் பெயரில்தான், அவரே கையெழுத்திட்டார். 'வ.ஆ. அம்பேத்கர்' என்று நான் சுருக்கியிருந்ததை முழுதாக எழுதச் சொன்னார் அப்பா. எழுதினேன்.

பிறகு சான்றிதழை ஸ்கேனரில் வைத்தேன். கறுப்பு வெள்ளையில் முத்திரை அடியோடு மறைந்துவிட்டது. கலருக்கு மாற்றி மறுபடி ஓட்டினேன். ஊதா எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் இறங்கின. அப்பா மேசைமேல் குனிந்து, எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார்.