சிசிஎன்ஏ வயர்லெஸ் பகுதி: கிளவுட் டாஷ்போர்டைப் படிக்கப் பழகிய விதம்

சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ 200-301 தேர்வுக்குத் தயாராகும் நம் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் சப்நெட்டிங்கிலும் (ஐபி முகவரி வரம்பைப் பிரிப்பது) ஓஎஸ்பிஎஃபிலும் (ஒரு ரவுட்டிங் முறை) முழு உழைப்பையும் போட்டுவிட்டு, வயர்லெஸ் பகுதியைக் கடைசி நேரத்தில் ஒரு வீடியோவோடு முடித்துக்கொள்கிறார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் வேலைக்குப் போக நினைப்பவர்கள் இப்படிச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பனியன் கம்பெனி, மில், காலேஜ், ஆஸ்பத்திரி என்று எங்கே சேர்ந்தாலும் உங்கள் மேசைக்கு முதலில் வருவது வைஃபை புகார்தான். நான் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் நெட்வொர்க் வேலை பார்த்துக்கொண்டே இந்தத் தேர்வை எழுதினேன். தினமும் கண் முன்னால் இருந்த டாஷ்போர்டுதான், அதாவது வைஃபை கருவிகளின் நிலையை இணையம் வழியாகக் காட்டும் திரைதான், எனக்கு வயர்லெஸ் பாடத்தைச் சொல்லித் தந்தது. அதை எப்படிப் படிப்புக்குப் பயன்படுத்தலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வயர்லெஸ் கட்டமைப்பு, ஏபி (வைஃபை சிக்னல் தரும் அக்சஸ் பாயின்ட்) மோட்கள், கன்ட்ரோலர் (பல ஏபிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் கருவி) திரையைப் பார்த்துப் புரிந்துகொள்வது எல்லாம் 20 சதவீத எடை உள்ள 'நெட்வொர்க் அக்சஸ்' பகுதியில் வருகின்றன. 2024 ஆகஸ்டில் வந்த 1.1 பதிப்பில், சாதனங்களை நிர்வகிக்கும் வழிகளின் பட்டியலில் டெல்நெட், எஸ்எஸ்ஹெச், கன்சோல் இவற்றோடு கிளவுட் நிர்வாகத்தையும் சேர்த்தார்கள். பாடத்திட்டத்தில் அது ஓரிரு சொல்தான். ஆனால் அந்த ஓரிரு சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் ஏபி எப்படி வேலை செய்கிறது என்று அடியிலிருந்து தெரிய வேண்டும்.

முதலில் ஏபியை நிர்வகிக்கும் மூன்று முறைகளையும் பிரித்துப் பாருங்கள். தனித்தியங்கும் ஏபியில் ஒவ்வொன்றுக்குள்ளும் போய்த் தனித்தனியாக அமைக்க வேண்டும். கன்ட்ரோலர் முறையில் ஏபிக்கும் டபிள்யூஎல்சி எனப்படும் அந்தக் கன்ட்ரோலருக்கும் நடுவில் கேப்வாப் என்ற நெறிமுறையின் சுரங்கம் ஓடும். கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கு யுடிபி போர்ட் 5246, பயனர் தரவுக்கு 5247. இந்த இரண்டு எண்களையும் மனப்பாடமே செய்துவிடுங்கள். சிஸ்கோவின் மெராக்கி போன்ற கிளவுட் முறையில் அமைப்பும் கண்காணிப்பும் மட்டும் இணையம் வழியாகப் போகின்றன, பயனர் தரவு கிளவுடுக்குப் போவதில்லை. ஒரு ஏபி சும்மா இருக்கும்போது கிளவுடோடு பேசுவது குத்துமதிப்பாக நொடிக்கு 1 கிலோபிட் அளவுதான்.

இந்த வேறுபாட்டை ஒருநாள் நேரிலேயே பார்த்தேன். யூனிட்டுக்கு வரும் ஃபைபரை ரோட்டில் குழி தோண்டியவர்கள் வெட்டிவிட்டார்கள். டாஷ்போர்டில் அத்தனை ஏபியும் சிவப்பு. ஆனால் பேக்கிங் பிரிவில் பார்கோடு ஸ்கேனர்கள் ஓடிக்கொண்டே இருந்தன, ஏனென்றால் அவை பேசும் சர்வர் அதே கட்டடத்தில் இருந்தது. கிளவுடுக்குப் போகும் வழி அறுந்தாலும் கடைசியாக வாங்கிய அமைப்பை வைத்துக்கொண்டு ஏபி வேலையைத் தொடரும். பாஸ்வேர்டு வைத்த டபிள்யூபிஏ2 இணைப்புக்குப் பிரச்சினை இல்லை. பயனரைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் உள்ளூரிலேயே இருந்தாலும் பிரச்சினை இல்லை. பயனரைச் சரிபார்க்கும் வேலையையே கிளவுடிடம் விட்டிருந்தால் மட்டும் புதிதாக வருபவர்கள் உள்ளே நுழைய முடியாது. 'கன்ட்ரோலர் போனால் என்ன ஆகும், கிளவுட் போனால் என்ன ஆகும்' என்று ஒவ்வொரு முறைக்கும் நீங்களே கேட்டு எழுதிப் பாருங்கள். பல கேள்விகளுக்கு விடை அதிலேயே இருக்கும்.

சிவப்பு தெரிந்தால் ஏபி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, சரி. அதைவிட முக்கியம், பச்சை தெரிந்தால் எல்லாம் நலம் என்றும் அர்த்தமில்லை.

எங்கள் யூனிட்டில் மாலை ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் சூப்பர்வைசர் அண்ணன் அடிக்கடி கூப்பிடுவார்: "ஏனுங்க தம்பி, நாலாவது லைன்ல ஸ்கேனர் சுத்திக்கிட்டே இருக்குதுங்க, கொஞ்சம் பாருங்க." டாஷ்போர்டைத் திறந்தால் எல்லா ஏபியும் பச்சை. சிக்னலும் நன்றாக இருக்கும். விடை இருந்தது வேறு பக்கத்தில். ஒரு கருவி வைஃபையில் சேரும் பயணத்தை மெராக்கி நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டுகிறது: அசோசியேஷன் (ஏபியோடு இணைவது), அதென்டிகேஷன் (அனுமதியைச் சரிபார்ப்பது), டிஹெச்சிபி (ஐபி முகவரி வாங்குவது), டிஎன்எஸ் (இணையப் பெயரை முகவரியாக மாற்றுவது). எந்தப் படியில் எத்தனை பேர் தோற்றார்கள் என்று அங்கே தெரியும். எங்களுக்குத் தோல்வி முழுவதும் மூன்றாவது படியில் குவிந்திருந்தது. ஸ்கேனரும் தொழிலாளர்களின் செல்போனும் ஒரே விலானில் (சுவிட்ச் அமைப்பில் பிரிக்கும் தனி நெட்வொர்க்) இருந்தன. /24 பூலில், அதாவது கருவிகளுக்குக் கொடுக்க வைத்திருக்கும் முகவரித் தொகுப்பில், அதிகபட்சம் 254 முகவரி. ஒரு கருவி முகவரியை வைத்திருக்கும் லீஸ் நேரம் ஒரு நாள். காலை ஷிப்ட் ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகும் அவர்களுடைய போன் வாங்கிய முகவரிகள் பூலுக்குத் திரும்பவில்லை. மாலை ஷிப்டுக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. ஸ்கேனர்களைத் தனி விலானுக்கு மாற்றி, போன்களுக்கான லீஸ் நேரத்தைக் குறைத்ததும் அந்தப் புகார் நின்றது.

இந்தப் படிகளைத் தனித்தனியாகப் படியுங்கள். அசோசியேஷன் தோற்றால் சிக்னலையும் ஏபியில் இருக்கும் நெரிசலையும் பாருங்கள். அதென்டிகேஷன் தோற்றால் பாஸ்வேர்டு, ரேடியஸ், சான்றிதழ். டிஹெச்சிபி தோற்றால் பூல், ட்ரங்க் போர்ட்டில் (பல விலான்களைச் சுமக்கும் சுவிட்ச் போர்ட்) அனுமதிக்கப்பட்ட விலான், ரிலே முகவரி (கோரிக்கையை வேறு நெட்வொர்க்கில் உள்ள டிஹெச்சிபி சர்வருக்கு அனுப்புவதற்கு). இந்த மூன்றில் கடைசி வரி முழுவதும் சுவிட்சிங், ஐபி சர்வீசஸ் பாடங்கள்தான். வயர்லெஸ்ஸைத் தனிப் பாடமாக ஒதுக்கி வைக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சிக்னல் எண்களுக்கு வருவோம். சிக்னல் பலத்தை அளக்கும் டிபிஎம் கணக்கு பலருக்குப் பயம், ஆனால் இரண்டு விதி போதும்: 3 டிபி கூடினால் சக்தி இரட்டிப்பு, 10 டிபி கூடினால் பத்து மடங்கு. 0 டிபிஎம் 1 மில்லிவாட், 20 டிபிஎம் 100 மில்லிவாட். ஸ்கேனர், வைஃபை அழைப்பு போன்றவற்றுக்கு மைனஸ் 67 டிபிஎம்மைக் குறைந்தபட்ச எல்லையாக வைத்துக்கொள்வது வழக்கம். இரைச்சல் மைனஸ் 92 என்றால் எஸ்என்ஆர் (சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி) 25 டிபி, அது நல்ல நிலைமை. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுவிட்டு, கையில் ஒரு போனோடு குடோனுக்குள் நடந்து பாருங்கள். குடோன் காலியாக இருக்கும்போது எடுத்த அளவு, ஷிப்மென்ட்டுக்கு முன் அட்டைப்பெட்டி கூரை வரைக்கும் ஏறிய பிறகு செல்லாது. இரும்பு ரேக் சிக்னலைத் திருப்பி அடிக்கும், அடுக்கிய துணி அதை உறிஞ்சும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மட்டும்தான் என்பதும், தகரக் கூரைக்குக் கீழே ஒரே ஹாலில் பல ஏபிகளை மாட்டிய இடத்தில் நின்றால்தான் மனதில் பதியும். அங்கே சிக்னல் பலமாகவே இருக்கும், சேனல் பயன்பாடு மட்டும் பாதிக்கு மேல் ஏறி நிற்கும். அப்படியான இடத்தில் இன்னொரு ஏபி மாட்டினால் நிலைமை மோசமாகும். முதலாளியிடம் இதைப் பொறுமையாக விளக்கிச் சொல்லத் தெரிவதும் நம் வேலையில் சேர்த்திதான்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடி, மறுபடி கரண்ட் வந்த பிறகு ஏபி பட்டியலை ஒரு முறை பார்க்கும் பழக்கம் வையுங்கள். தனி அடாப்டரில் கரண்ட் வாங்கும் ஏபியின் ஈதர்நெட் கேபிள் தளர்ந்தால், அது பக்கத்து ஏபியைப் பிடித்து மெஷ் ரிப்பீட்டராக (வயர்லெஸ் வழியாகவே தரவைக் கடத்தும் ஏபி) மாறிக்கொண்டு பச்சையாகவே இருக்கும், வேகம்தான் அடிவாங்கும். அதேபோல 802.3ஏடி (ஈதர்நெட் கேபிள் வழியே கூடுதல் மின்சாரம் தரும் தரநிலை) தேவைப்படும் ஏபிக்கு, 15.4 வாட் மட்டும் கொடுக்கும் பழைய 802.3ஏஎஃப் சுவிட்ச் கிடைத்தால், அது முழு பலத்தில் ஓடாது. டாஷ்போர்டு இதை எச்சரிக்கையாகச் சொல்லும். படிப்பவர்கள் குறைவு.

பயிற்சிக்கு வேலை இடம் கட்டாயமில்லை. சிஸ்கோவின் பயிற்சி மென்பொருளான பேக்கெட் ட்ரேசரில் டபிள்யூஎல்சியும், அதற்குக் கட்டுப்பட்டு இயங்கும் லைட்வெயிட் ஏபியும் இருக்கின்றன. சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமி தளத்தில் இலவசமாகப் பதிந்து இறக்கிக்கொள்ளலாம். எஸ்எஸ்ஐடி (வைஃபையின் பெயர்) உருவாக்குவது, அதை விலானோடு இணைப்பது, டபிள்யூபிஏ2 பாஸ்வேர்டு போடுவது, இந்த மூன்றையும் திரையைப் பார்க்காமல் சொல்லும் அளவுக்குப் பழகுங்கள். பாலிடெக்னிக் முடித்துத் தமிழ் வழியில் வந்தவர்கள், திரையில் வரும் ஆங்கிலப் பெயர்களை அப்படியே ஒரு நோட்டில் எழுதி, எதிரே அது செய்யும் வேலையைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அது பெரிதும் உதவியது.

ஆட்டோமேஷன் பகுதிக்கு 10 சதவீதம் எடை. ரெஸ்ட் ஏபிஐ (நிரல் வழியாகத் தகவல் கேட்கும் முறை), ஹெச்டிடிபி வினைகள் (கெட் போன்ற கோரிக்கை வகைகள்), ஜேசன் அமைப்பு (தகவலை எழுதும் வடிவம்) ஆகியவை அதில் வரும். மெராக்கி ஏபிஐயில் ஒரு கெட் கோரிக்கை அனுப்பி, ஏபிகளின் நிலை ஜேசனாகத் திரும்புவதைப் பார்த்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. ஒரு நிறுவனக் கணக்குக்கு நொடிக்கு 10 கோரிக்கைதான் அனுமதி. மீறினால் 429 என்று பதில் வரும். பைத்தானில் சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, ஆஃப்லைன் ஆன ஏபிகளின் பெயரை மட்டும் தினமும் காலையில் எடுத்துப் பார்க்கிறேன். ஏபிக்கு 'குடோன் வடக்கு', 'லைன் 4' என்று இடத்தின் பெயரை வைத்திருந்தால்தான் அந்தப் பட்டியலுக்கு உபயோகம் உண்டு.

தேர்வு அறையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 120 நிமிடம். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பப் போக முடியாது. வெளியூரிலிருந்து கோவைக்கு வந்து எழுதுபவர்கள், அவினாசி ரோட்டு நெரிசலைக் கணக்கில் வைத்து முன்னதாகவே கிளம்புங்கள். தேர்வில் வந்த கேள்வி-விடைத் தொகுப்பு என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். பிடிபட்டால் சான்றிதழ் போய்விடும், பிடிபடாவிட்டாலும் வேலையில் முதல் புகாரிலேயே தெரிந்துவிடும்.

தேறிய பிறகு நேர்முகத்தில் என்னிடம் கேட்ட கேள்வி இது: "டாஷ்போர்டில் ஏபி சிவப்பு, ஆனால் யாரும் புகார் சொல்லவில்லை. முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" ஒரே ஏபியா, எல்லாமேயா என்று முதலில் பார்ப்பேன், எல்லாம் என்றால் இணைய இணைப்பையும், ஏபி கிளவுடோடு பேசும் யுடிபி போர்ட் 7351 ஃபயர்வாலில் அடைபட்டிருக்கிறதா என்பதையும் சோதிப்பேன், ஒன்று மட்டும் என்றால் அதன் சுவிட்ச் போர்ட்டுக்குப் போய் லிங்க், பவர், விலான் என்ற வரிசையில் வருவேன் என்றேன். அடுத்த கேள்வி, எப்போது வேலையில் சேருவீர்கள் என்பதுதான்.