மாமாங்கத் தீர்த்தமும் வாவிக்கு அக்கரைக் கோயில்களும்

மட்டக்களப்பை விட்டுப் போனவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் வருடத்தில் இரண்டு காலத்தை மனதுக்குள் குறித்து வைத்திருப்பார்கள். ஒன்று, வைகாசியில் ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலின் கதவு திறந்து சடங்கு நடக்கிற காலம். மற்றது, அப்பாவை இழந்தவர்கள் விரதம் இருந்து அமிர்தகழிக் கோயில் குளத்தில் முழுகுகிற ஆடி அமாவாசை மாமாங்கத் தீர்த்தம்.

நாங்கள் நான்கு பேர், ஒரே வகுப்பில் படித்தவர்கள். 1990க்குப் பிறகு ஆளுக்கொரு திசையாய்ப் போனோம். ஒருவன் டொரொன்டோ, ஒருவன் வவுனியா, நான் கொழும்பு. ஆரையம்பதிக்காரன் மட்டும் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு ஊரிலேயே நின்றான். போன வருடம் டொரொன்டோக்காரனின் அப்பா தவறிய பிறகு ஆரையம்பதிக்காரன்தான் எல்லோருக்கும் போன் எடுத்தான். "மச்சான், இப்ப நாலு பேருக்கும் அப்பா இல்ல. இந்த முறை மாமாங்கத்துக்கு ஒண்டா வாங்க." அதற்கு மேல் யாரும் சாட்டுச் சொல்லவில்லை.

டொரொன்டோ நண்பனும் அவனுடைய மகனும் நானும் கொழும்புக் கோட்டையில் உதயதேவி ரயில் ஏறினோம். மனம்பிட்டியில் மகாவலிப் பாலத்தைக் கடந்து, வெலிகந்தை, புனானை தாண்டி, வாழைச்சேனை வந்ததும் பனையும் உப்புக் காற்றும் தொடங்கிவிடும். நண்பன் ஏறாவூரிலிருந்து வாசலை விட்டு நகரவே இல்லை. இறங்கியதும் முதலில் புளியந்தீவுக்குப் போய் ஆனைப்பந்திப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தோம். சோதனைக்குப் போகும்போதெல்லாம் கும்பிட்ட பிள்ளையார் அவர். அப்படியே கோட்டைப் பக்கம் நடந்தோம். போர்த்துக்கீசர் 1628இல் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை. அப்பா வேலை பார்த்த காலத்தில் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரி அதற்குள்தான் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் அந்தத் தடித்த மதிலின் நிழலில் அவருக்காகக் காத்து நின்ற நாட்கள் நிறைய.

அமாவாசையன்று இருட்டோடு எழும்பி அமிர்தகழிக்கு நடந்தோம். ஆட்டோ பிடித்திருக்கலாம். ஆனால் மாமாங்கத்துக்கு அன்றைக்கு நடந்துதான் போக வேண்டும், அதுதான் அழகு. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை, வாகரைப் பக்கம் என்று எங்கிருந்தோ வந்த சனமெல்லாம் அந்த வீதியில் ஒன்றாகி நகரும். தண்ணீர்ப்பந்தலில் கூப்பிட்டுக் கூப்பிட்டு மோர் தருவார்கள். வேண்டாம் என்று சொன்னால் முகம் வாடிவிடும். வாங்கிக் குடித்துவிட வேண்டும்.

கோயிலின் பெயர் மாமாங்கேஸ்வரர், மூலத்தில் இருப்பது லிங்கம். ஆனால் ஊரில் எல்லோருக்கும் அவர் மாமாங்கப் பிள்ளையார். இராமபிரான் இங்கே லிங்கம் வைத்து வழிபட்டார் என்றும், இலங்கையை எரித்த அனுமன் வாலின் தீயை இந்தக் குளத்தில்தான் அணைத்தான் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். சின்ன வயதில் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுக் குளத்தின் தண்ணீர் ஏதாவது ஓரத்தில் சுடுகிறதா என்று கை வைத்துப் பார்த்திருக்கிறேன்.

அப்போது எங்களுக்கு மாமாங்கம் என்றால் கடைத்தெருதான். வளையல் கடை, சட்டி பானைக் கடை, மஸ்கற், கச்சான் அல்வா, ஐஸ்பழம். ஆனால் கடைப்பக்கம் போக முதல் ஒரு வேலை இருந்தது. அப்பா குளத்தில் இறங்கும்போது சட்டையையும் கைக்கடிகாரத்தையும் என்னிடம் தருவார். நான் படிக்கட்டில் அவற்றை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் தலை தண்ணீருக்குள் போய் வெளியே வரும்வரை மூச்சை நானும் பிடித்திருப்பேன். ஏன் முழுகுகிறார் என்று கேட்டதில்லை. அப்பப்பாவுக்காக என்று பிறகுதான் விளங்கியது.

குளத்தைச் சுற்றி மரநிழலில் ஐயர்மார் வரிசையாக இருந்தார்கள். தர்ப்பை, எள், பச்சரிசி, வாழைக்காய், பூசணி, ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு குடும்பம். எங்கள் முறை வந்தது. எங்கள் ஐயர் நல்ல வயதானவர், குரல் மட்டும் கணீர் என்று இருந்தது. விரலில் தர்ப்பையைப் போடச் சொல்லிவிட்டு, "அப்பாட பேர்? அப்பப்பாட பேர்? அவர்ட தகப்பன்ட பேர்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

டொரொன்டோ நண்பன் மூன்றாவது பெயரில் நின்றுவிட்டான். பூட்டனின் பெயர் அவனுக்குத் தெரியவில்லை. அவசரமில்லை என்று ஐயர் கை காட்டினார். பின்னால் ஆட்கள் காத்திருந்தும் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அவன் களுவாஞ்சிக்குடியில் இருக்கும் பெரியம்மாவுக்குப் போன் எடுத்தான். ஒலிபெருக்கியில் பாட்டு, அந்தப் பக்கம் பெரியம்மாவுக்குக் காது மந்தம். "பெரியம்மா, அப்பப்பாட அப்பாட பேர் என்ன?" என்று மூன்று தரம் கத்த வேண்டியதாயிற்று. பெயர் வந்ததும் அவன் அதை ஐயருக்குச் சொன்னான், பிறகு மகன் பக்கம் திரும்பி இன்னொரு தரம் சொன்னான். பெடியன் அதைப் போனில் எழுதி வைத்துக்கொண்டான். பிதிர்க்கடன் என்று நாம் சொல்வதில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது என்று எனக்குப் பட்டது.

எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுக் குளத்தில் இறங்கினோம். எங்கள் நாலு பேரின் சட்டைகளையும் போன்களையும் கண்ணாடிகளையும் டொரொன்டோப் பெடியன்தான் கையில் அள்ளிக்கொண்டு படிக்கட்டில் நின்றான். அவனிடம் யாரும் நிற்கச் சொல்லவில்லை. சுவாமி தீர்த்தமாடும் நேரம் சனம் முழுக்க "அரோகரா" என்று எழும்பியபோது அவனும் கையில் இருந்ததை ஒரு பக்கம் இறுக்கிக்கொண்டு மற்றக் கையைத் தலைக்கு மேலே தூக்கினான். அப்பாவின் பெயரைச் சொல்லி முழுகினேன். தண்ணீருக்குள் அவ்வளவு சத்தமும் அடங்கிப் போகிற அந்த ஒரு கணத்துக்காக இன்னும் எவ்வளவு தூரமும் வரலாம்.

பின்னேரம் கல்லடிக்குப் போனோம். 1924இல் கட்டிய பழைய பாலத்தில் நடந்தோம், வாகனமெல்லாம் இப்போது புதுப் பாலத்தால் போகிறது. இந்த வாவியில் மீன் பாடுவதைக் கேட்பதென்றால் பௌர்ணமிக்கு வர வேண்டும், தோணியில் போய்த் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறு முனையில் காதை வைக்க வேண்டும். அமாவாசைக்கு வந்த எங்களுக்கு அது இல்லை. விபுலானந்த அடிகளின் சமாதியில் கொஞ்ச நேரம் இருந்தோம். காரைதீவில் பிறந்து 1947 ஆடியில் மறைந்தவர், அவருக்கும் இது நினைவு நாள் வருகிற மாதம். அங்கிருந்து கடலோரம் திருச்செந்தூர் முருகன் கோயில். 2004 சுனாமியில் சரிந்த கோபுரத்தின் முன்னால் வவுனியா நண்பன் வெகு நேரம் பேசாமல் நின்றான். சுனாமி அடித்த நாவலடியில் அவனுடைய சொந்தங்கள் இருந்தார்கள். அவன் கும்பிட்டு முடிக்கும்வரை நாங்கள் காத்திருந்தோம்.

மறுநாள் வாவிக்கு அக்கரை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு ஆரையம்பதியிலிருந்து கொக்கட்டிச்சோலை பக்கத்தில் வந்துவிட்டது. முன்பு பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைக்குக் கரையில் காத்துக் கிடந்தோம். சைக்கிள், மாடு, நெல் மூட்டை, பிள்ளைத்தாய்ச்சி எல்லாம் அந்த ஒரு மிதவையில். யாத்திரை என்ற உணர்வு அந்தக் காத்திருப்பில்தான் கூடுதலாக இருந்தது என்று நான் சொன்னேன். ஆரையம்பதிக்காரன் விடவில்லை. "ராவில வருத்தக்காரர ஏத்திட்டுக் கரையில நிண்டவங்களக் கேளு மச்சான்." அவன் சொன்னதுதான் சரி. படுவான்கரைச் சனம் பட்டது கொஞ்சமா? 1987இலும் 1991இலும் இந்தப் பக்கத்தில் கொல்லப்பட்ட சனத்தின் நினைவுத் தூபி மகிழடித்தீவில் நிற்கிறது. இறங்கி நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போனோம்.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் கொடியேற இன்னும் நாள் இருந்ததால் கூட்டமில்லை. கொக்கட்டி மரத்தை வெட்டிய வேடன் இரத்தம் பெருகக் கண்டு ஓடிய கதையும், போர்த்துக்கீசன் கேலியாகக் கேட்டபோது கல் நந்தி எழும்பிப் புல் தின்ற கதையும் எங்கள் வீடுகளில் சோறு ஊட்டும்போது சொல்லப்பட்டவை. நந்தியின் முன்னால் யாரோ அன்றும் ஒரு பிடி பச்சைப் புல் வைத்திருந்தார்கள். வேர் மண் போகக் கழுவி, நுனியெல்லாம் ஒரு பக்கமாய் அடுக்கி வைத்த புல். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை தலைமுறையாக யாராவது ஒருவர் அந்தப் புல்லை வைத்துக்கொண்டே இருக்கிறார்கள்!

அங்கிருந்து வயல் வழியாக மண்டூர். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முகத்தில் அனலாய் அடித்தது. மண்டூர்க் கந்தசாமியைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். அங்கே பூசகரான கப்புகனார் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்கு உள்ளே போய் மௌனமாகப் பூசை செய்வார். மந்திரம் கிடையாது. சத்தம் எல்லாம் மணியும் மேளமும்தான். உருவத்தைக் காணாமல், மந்திரத்தையும் கேட்காமல், திரையைப் பார்த்தே சனம் உருகி நிற்கிறது. அருச்சனைச் சீட்டில் பேரும் நட்சத்திரமும் எழுதிப் பழகிய எனக்கு, அங்கே கேட்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. சும்மா நின்றேன். போதுமாக இருந்தது.

திரும்பும்போது மண்டூர்த் துறையில் குருமன்வெளிப் பாதை. பெடியனுக்கு அதில் ஏறிப் பார்க்க ஆசை. நடு வாவியில் அவன் தகப்பனிடம் கொக்கட்டிச்சோலைத் தேர் எப்போது என்று கேட்டான். ஆவணியில் என்றதும், "அப்ப மறுகா எப்ப வாறம்?" என்றான். மறுபடி என்பதற்கு எங்கள் பக்கத்தில் சொல்லும் மறுகா என்ற சொல்லை அவன் இந்தப் பயணத்தில்தான் பிடித்திருக்க வேண்டும். எங்கள் ஆரையம்பதிக்காரன் அங்கேயே அவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். அடுத்த வருடம் தேருக்கு, வடம் பிடிக்க.

ஆடி அமாவாசைக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அப்பா இல்லாதவர்களின் விரத நாள்தானே என்று பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். முதல் நாளே ஊருக்கு வந்துவிடுங்கள், விடிய முதல் நடக்கத் தொடங்குங்கள், பூட்டன் வரைக்கும் பெயர்களைக் கேட்டு எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கடைத்தெருவைப் பார்க்கட்டும், அல்வா கேட்டால் வாங்கிக் கொடுங்கள். நீங்கள் குளத்தில் இறங்கும்போது சட்டையை அவர்கள் கையில் கொடுங்கள்.