உளி சறுக்கிய கிண்ணத்தைத் தூக்கிப் போடாதீர்கள்

மரத்தைச் சுழலவிட்டு உளியால் கடையும் கடைசல் எந்திரத்தில் உளி ஒரு நொடி மாட்டி, முக்கால்வாசி முடிந்த மரக் கிண்ணத்தின் வயிற்றில் வடு விழுந்துவிட்டால் அதை விறகில் சேர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. சுவர் தடிமன் மிச்சமிருந்தால் அந்த வடுவையே சுற்றிலும் ஒரு பள்ளமாகக் கடைந்துவிடுங்கள். அப்புறம் பள்ளத்தின் இரு ஓரத்திலும் உளி முனையால் மெல்லிய கீறல் போட்டு, கிண்ணம் சுழலும்போதே இரும்புக் கம்பியை அதில் அழுத்திப் பிடித்தால் உராய்வுச் சூட்டில் லேசாகப் புகை வந்து மை தீட்டியதுபோல் கறுப்புக் கோடு விழும். கம்பியின் இரு முனையிலும் கட்டைப் பிடி அவசியம், விரலில் சுற்றவே கூடாது, மாட்டினால் விரல் போய்விடும்.

சின்ன விரிசலா? பித்தளைத் தூளை நிரப்பி மெல்லிய சூப்பர் குளூ விட்டு, இறுகியதும் கடைந்து தேயுங்கள், பொன் நரம்பு ஓடும். பெரிய விரிசல் என்றால் மட்டும் எந்திரத்தை நிறுத்திவிடுங்கள், அது சுழலும்போது வெடித்துச் சிதறும்.

எனக்குப் பிடித்தது அரக்குதான். கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் பொம்மைக்குச் செய்வதுபோல, வண்ண அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தினால் உராய்வுச் சூட்டிலேயே உருகி ஒட்டும், தாழை ஓலையால் அழுத்தித் தேய்த்தால் பளபளக்கும். வடு இருந்த பள்ளத்தில் ஒரு சிவப்புப் பட்டை கொடுத்துப் பாருங்கள், அவ்வளவு அழகு!