எட்டு மில்லிமீட்டர் பள்ளம்: ஈறு நோய்ப் பிரிவு நாட்குறிப்பு

ஜனவரி 9, 2024

ஓபியில் ஒரு அக்கா. தையல் வேலை செய்கிறவர். "கீழ்க் கடைவாய்ப் பல் லேசா ஆடுது டாக்டர், எடுத்துடுங்க" என்றார். வலி இல்லையாம். ஈறு நோயின் கொடுமையே இதுதான், எலும்பு பாதி கரையும்வரைகூடப் பலருக்கு வலிப்பதில்லை. நல்ல ஈற்றில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இறங்காத புரோப் என்ற அளவுக் கம்பி, அந்தப் பல்லின் முன்பக்கத்தில் 8 வரை இறங்கியது.

எக்ஸ்ரேயைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. வேரை ஒட்டி எலும்பு செங்குத்தாக, குறுகிய பள்ளமாகக் கரைந்திருந்தது. சுற்றி எலும்புச் சுவர் மிச்சமிருக்கும் பள்ளத்தில்தான் இழந்ததை மறுபடி வளர்க்க வழி உண்டு. பல்லை எடுக்க வேண்டாம் என்றேன்.

முதலில் ஸ்கேலிங். "க்ளீன் பண்ணினா பல் இன்னும் ஆடும்னு எல்லாரும் சொல்றாங்களே?" என்று கேட்டார். தினமும் வருகிற கேள்வி. காரை, அதாவது பல்லில் கெட்டியாகப் படிந்த அழுக்கு, பல்லைக் காப்பதே இல்லை அக்கா, அதன் மேல் குடியிருக்கிற கிருமிகளால்தான் எலும்பு கரைகிறது என்று எக்ஸ்ரேயை வைத்து விளக்கினேன். சம்மதித்தார்.

மார்ச் 13

வாய் முழுக்க ரத்தக் கசிவு அடங்கிவிட்டது. பல்லிடுக்கு பிரஷ்ஷை ஒரு நாளும் விடவில்லையாம், பல்லைப் பார்த்தாலே தெரிகிறது. அந்த ஓர் இடத்தில் மட்டும் இன்னும் 7. சர்க்கரை இல்லை, புகையிலைப் பழக்கமும் இல்லை. இவ்வளவும் சரியாக இருந்தால்தான் எங்கள் சார் அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுப்பார். அவர் கண்டிப்பு நியாயமானது. அழுக்கான வாயில் எவ்வளவு விலை கூடிய பொருளை வைத்தாலும் வீண்.

ஏப்ரல் 2, இரவு

நாளைக்காக மறுபடி படித்தேன். பல்லைத் தாங்குவது ஈறு மட்டுமில்லை. வேரின் மேல் சிமென்டம் என்ற கெட்டியான மெல்லிய படலம், அதிலிருந்து எலும்புக்குள் போகும் நார்கள், அப்புறம் எலும்பு. இவை எல்லாம் சேர்ந்து திரும்பினால்தான் அது மீளுருவாக்கம். ஈற்றைத் திறந்து சுத்தம் செய்து மூடும் சாதாரண ஃபிளாப் சர்ஜரியில் காயம் ஆறுகிறது, ஆனால் ஈற்றின் மேல்தோல் செல்கள் வேகமாகக் கீழே வளர்ந்து வேரை மூடிவிடும். நார்களை உண்டாக்கும் செல்கள் மெதுவானவை, அவற்றுக்கு இடமே கிடைக்காது.

வேரின் மேல் முதலில் எந்தச் செல் குடியேறுகிறதோ, அதுதான் ஆறும் விதத்தைத் தீர்மானிக்கும் என்று 1976இல் மெல்ச்சர் என்ற ஆய்வாளர் எழுதினார். ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் நைமனும் அவர் குழுவினரும் 1982இல் அதை மனிதரிடம் செய்தே காட்டினார்கள். ஒருவரின் கீழ் முன்பல்லில், ஈற்றுக்கும் வேருக்கும் நடுவே ஒரு வடிதாளைத் தடுப்பாக வைத்தார்கள். 3 மாதம் கழித்துப் பல்லைச் சுற்றியுள்ள திசுவோடு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, நோய் தின்ற வேரில் புதிய சிமென்டமும் அதில் பதிந்த நார்களும் இருந்தன. எத்தனை தரம் படித்தாலும் இந்த இடத்தில் எனக்குச் சிலிர்க்கிறது. வேகமானவற்றைத் தடுத்து மெதுவானவற்றுக்கு இடம் கொடுத்தார்கள், மீதியை உடம்பே செய்துகொண்டது.

ஏப்ரல் 3

சர்ஜரி நல்லபடியாக முடிந்தது. இரண்டு பற்களுக்கு நடுவே இருக்கும் ஈற்றுக் கூம்பைச் சிதைக்காமல் ஒரு பக்கமாகத் திறந்தோம். பின்னால் பள்ளத்தை மூட அதுதான் கூரை. உள்ளே இருந்த சதையை நீக்கி வேரைச் சுத்தம் செய்தபின் பார்த்தால், அடியில் மூன்று சுவர், மேலே இரண்டு. எதிர்பார்த்ததைவிட நல்ல பள்ளம்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கியிலிருந்து வந்த எலும்புத் தூள் வைத்தோம். இறந்தவர்களின் எலும்பு, தாதுச்சத்து நீக்கி உறையவைத்து உலர்த்தியது. தாது நீக்கிய எலும்பு, தான் இருக்கும் இடத்தில் புது எலும்பைத் தூண்டும் என்று 1965இலேயே யூரிஸ்ட் என்ற எலும்பு மருத்துவர் காட்டியிருக்கிறார். முகம் தெரியாத யாரோ கொடுத்தது. அந்தக் குப்பியைத் திறக்கும்போது ஒரு கணம் கை நின்றது. மேலே தடுப்பாக, தானாகக் கரையும் கொலாஜன் மெம்பரேன், அதாவது ஒரு மெல்லிய சவ்வு, அப்புறம் தையல். "நான் போடற தையலைவிடப் பொடிசா இருக்கே!" என்றார் அக்கா, கண்ணாடியில் பார்த்து.

ஏப்ரல் 17

தையல் பிரித்தாயிற்று. மெம்பரேன் வெளியே தெரியவில்லை, பெரிய நிம்மதி. வாய் கொப்பளிக்கும் குளோர்ஹெக்ஸிடினால் பற்களில் பழுப்புக் கறை, அது போய்விடும் என்றேன். 6 மாதத்துக்கு அந்த இடத்தில் புரோப் விடக்கூடாது. நாளை மறுநாள் ஓட்டுப்போட ஊருக்குப் போகிறாராம். அந்தப் பக்கம் முறுக்கு, சீடை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 11

இன்று மனம் சரியில்லை. ஐம்பது வயதுக்காரர் ஒருவர், நீண்டநாள் புகைப்பழக்கம். எல்லாப் பற்களையும் சுற்றி எலும்பு சமமாக, கிடையாகக் கரைந்திருக்கிறது. சுவரே இல்லாத இடத்தில் தூளும் நிற்காது, மெம்பரேனும் நிற்காது. "அந்த எலும்பு வளர்ற ட்ரீட்மென்ட்டை எனக்கும் பண்ணுங்க தம்பி" என்றார். இருப்பதை இனிமேல் கரையாமல் நிறுத்தலாம் ஐயா, போனதை மேலே கொண்டுவர முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது.

இழந்த திசுவை வளர்க்க, பன்றிக்குட்டிகளின் வளரும் பற்களிலிருந்து எடுத்த எனாமல் புரதம் 1990களிலிருந்தே இருக்கிறது. ஜப்பானில் வளர்ச்சிக் காரணி கலந்த மருந்தை 2016இல் அனுமதித்தார்கள். பல் நார்களில் குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்) இருப்பது 2004இலேயே தெரிந்துவிட்டது. இத்தனை இருந்தும் இவருடைய எலும்புக்கு ஒரு வழி இல்லை. ஈற்றில் ரத்தம் வந்த முதல் வருடமே இவரை யாராவது இங்கே அனுப்பியிருக்க வேண்டும்.

அக்டோபர் 16

அக்கா வந்தார். புரோப் 4இல் நின்றது. ஈறு 1 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது, பல் ஆடவில்லை. எக்ஸ்ரேயில் கறுப்பாக இருந்த பள்ளத்தில் வெள்ளை நிரம்பியிருக்கிறது. நாங்கள் வைத்த தூளில் தாது இல்லை, அதனால் அந்த வெள்ளையில் பெரும்பகுதி அவர் உடம்பு சேர்த்ததாகத்தான் இருக்க வேண்டும்.

நார்களும் சிமென்டமும் திரும்பினவா? எக்ஸ்ரே அதைச் சொல்லாது. பல்லை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும். காப்பாற்றிய பல்லை அதற்காக எடுக்க மாட்டோம். அந்தப் பக்கம் கடித்து வேர்க்கடலை சாப்பிட்டேன் என்றார். எனக்கு அது போதும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் பார்க்க வர வேண்டும், அடுத்தது பொங்கல் கழித்து. தங்கைக்குப் பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதாம். வரும்போது அவரையும் கூட்டி வரச் சொன்னேன்.