சித்தாள் சரியில்லை

நான் சைக்கிளிலிருந்து விழுந்ததற்கு மாடுதான் காரணம். என் கணவரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார், நம்பாதீர்கள்.

அப்பாவும் அம்மாவும் வந்து மூன்று வாரம் ஆகிறது. இத்தாலியில் நாங்கள் இருக்கும் டிரியஸ்தே அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. கடற்கரையில் உட்கார்ந்து போகிற வருகிற நாய்களை எண்ணுகிறாள், நேரம் போகிறது. அப்பாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. "நல்ல ஊருதான். ஆனா எல்லாம் கட்டி முடிச்ச ஊரு. எங்கயும் இடிக்கவும் இல்ல, கட்டவும் இல்ல. என்னத்தப் பாக்குறது?" என்றார். முப்பத்தெட்டு வருடம் புதுக்கோட்டையைச் சுற்றி வீடு கட்டிய மனிதருக்கு, ஒரு சாரம்கூடத் தெரியாத வானம் போரடிக்கத்தான் செய்யும்.

சரி, கல்லாவது பார்க்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை குரோஷியாவுக்குக் கிளம்பினோம். அங்கே இஸ்திரியா தீபகற்பத்தின் தெற்கே வோத்ன்யான். ஆலிவுக்குப் பேர் போன ஊர். தோப்புகளுக்கு நடுவே மலை சைக்கிள் ஓட்டுகிற தடங்கள் இருக்கின்றன. வாடகைக்கு வண்டி கிடைக்கும், இயற்கையை ரசிக்கலாம், உடம்புக்கும் நல்லது என்றெல்லாம் பட்டியல் போட்டவர் இவர். போன வருடம் உடம்புக்கு நல்லது என்று வாங்கிய உடற்பயிற்சி விரிப்பின் மேல் இப்போது வெங்காயம் காய்கிறது என்பதை இங்கே நினைவூட்டுகிறேன்.

காரில் ஏறியதிலிருந்து அப்பா பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருந்தார். இத்தாலியில் கிளம்பி, ஸ்லோவேனியாவைக் குறுக்கே வெட்டி, குரோஷியா. 2023 ஜனவரியிலிருந்து குரோஷியாவும் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகளில் சேர்ந்துவிட்டதால் முத்திரை எல்லாம் கிடையாது. அன்றைக்கு யாரும் நிறுத்தக்கூட இல்லை. "ரெண்டு நாடு தாண்டியிருக்கோம், ஒரு குத்துகூடக் குத்தலையே" என்று பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 1996-ல் சிங்கப்பூர் வேலைக்கென்று ஓர் ஏஜெண்டை நம்பி ஒரு பாஸ்போர்ட் எடுத்தார், போகவே முடியவில்லை. அது வெற்றுத் தாளாகவே காலாவதியானது. அதனால் நான் ஒன்றும் பேசவில்லை.

அம்மா முட்டி வலி என்று ஊரிலேயே உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் புனித பிளாசியோ தேவாலயம். இஸ்திரியாவிலேயே உயரமான மணிக்கூண்டு அதனுடையதுதான். உள்ளே பீடத்துக்குப் பின்னால் அழியாத உடல்கள் என்று சில புனிதர்களை வைத்திருக்கிறார்கள், 1818-ல் வெனிஸிலிருந்து வந்தவை. இவர் உற்சாகமாக விளக்கப் போக, அம்மா "அமாவாசையும் அதுவுமா ஏன் மாப்ள?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சைக்கிள் வந்தது. அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஸ்டாண்டு எங்க?"

"இருக்காதுப்பா."

"கேரியரு?"

"அதுவும் இருக்காது."

"மட்காடு, பெல்லு?"

நான் தலையாட்டினேன். வாடகைத் தொகையைக் கேட்டார். நான் பாதியாகக் குறைத்துச் சொன்னேன், அதற்கே "ஒண்ணுமே இல்லாத வண்டிக்கா?" என்றார். அவருக்கு எடுத்தது மோட்டார் வைத்த சைக்கிள். மேட்டில் சுவிட்சைப் போட்டுக்கொள்ளுங்கள் மாமா என்று இவர் காட்டிக்கொடுத்தார். அப்பா கடைசி வரை அதைப் போடவே இல்லை. அடுத்தவன் வண்டியில் கரண்டு ஏன் வீணாக வேண்டும்? அறுபத்தாறு வயதில் மோட்டாரைப் போடாமலே எங்கள் மூன்று பேரையும் முந்திக்கொண்டு போனார். சின்னவன் பாதி தூரத்தில் அழ ஆரம்பித்தான். நான் மனதுக்குள் அழுதேன்.

மண் செக்கச் செவேலென்று இருக்கும். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் கீரனூர்ப் பக்கம் மாதிரியே இருக்கும், கருவேலம் மட்டும் இல்லை. தடத்தின் இரு பக்கமும் இடுப்புயரக் கல் சுவர், அதற்கு அப்பால் ஆலிவ். காற்றடித்தால் இலை திரும்பி வெள்ளியாக மின்னும். அக்டோபர் ஆனதால் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. மரத்தடியில் வலையை விரித்து, கையில் சீப்பு மாதிரி ஒரு சாதனத்தால் கிளையைக் கோதினால் காய் பொலபொலவென்று கொட்டுகிறது. நூறு கிலோ காயை ஆட்டினால் பன்னிரண்டு, பதினைந்து லிட்டர் எண்ணெய் தேறும். காயும் அன்றைக்கே செக்குக்குப் போய்விட வேண்டும், மறுநாளுக்கு மேல் தாங்காது. அப்பா ஒரு காயைப் பறித்து, நான் வாயைத் திறப்பதற்குள் கடித்துவிட்டார். பச்சை ஆலிவின் கசப்பு வேப்பங்காயைத் தோற்கடிக்கும். உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறினால்தான் அது உணவு. அப்பா துப்பவில்லை. முகத்தை ஒரு முறை இறுக்கி விழுங்கினார். "மருந்துக்கு ஆகும்" என்றார்.

அப்புறம் அந்தக் கல்குடிசை வந்தது. கஷூன் என்கிறார்கள். வயலுக்கு நடுவே வட்டமாக, கூம்புக் கூரையோடு, மேலிருந்து கீழ் வரை வெறும் கல். விவசாயிகள் கருவிகளைப் போட்டுவைக்க, மழைக்கு ஒதுங்கக் கட்டியவை. அப்பா குனிந்து உள்ளே போனார். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. எட்டிப் பார்த்தால் மனிதர் தரையில் மல்லாக்கப் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"பாப்பா, இங்க வா. சிமெண்டு இல்ல, சுண்ணாம்பு இல்ல, மரம்கூட இல்ல. வரிக்கு வரி நாலு விரக்கடை உள்ள தள்ளித் தள்ளிக் கொண்டாந்து உச்சியில ஒரே கல்லுல மூடியிருக்கான். ஒவ்வொரு கல்லும் வெளிப்பக்கம் லேசாச் சாஞ்சிருக்கு பாரு, தண்ணி உள்ள வராது." குரலைத் தாழ்த்தி, ஏதோ துக்கச் செய்தி மாதிரி, "இவன் நம்மளவிடப் பெரிய ஆளு" என்றார்.

கிளம்பி ஒரு கிலோமீட்டர் இருக்கும். நான் இறக்கத்தில் வந்துகொண்டிருக்கிறேன். முன்னால் போன அப்பா திடீரென்று, "பாப்பா! மாட்டப் பாரு, மாட்டப் பாரு!" என்று கத்தினார். போஷ்கரின் என்கிற உள்ளூர் இன மாடு. சாம்பல் வெள்ளை நிறம், வில் மாதிரி நீண்ட கொம்பு. டிராக்டர் வந்ததும் அழிவின் விளிம்பு வரை போய் மீண்ட இனம். பார்க்க வேண்டியதுதான், நானும் பார்த்தேன். மாட்டைப் பார்க்கும்போது கை தன்பாட்டுக்கு முன்பிரேக்கைப் பிடித்தது. இந்த வண்டியில் பிரேக் என்பது நம் ஊர் மாதிரி ஒரு வேண்டுகோள் அல்ல, கட்டளை. வண்டி நின்றது, நான் நிற்கவில்லை.

சுவரில் போய் மோதினேன். சுவர் நான்கு அடி நீளத்துக்குச் சரிந்து விழுந்தது. என் முட்டியில் ரத்தம்.

அப்பா வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். பாசத்தோடு என்னைத் தாண்டிப் போய் சுவரைப் பார்த்தார். "அடடா, அடிக்கல்லு அசையல" என்றார். அதுதான் முதல் வார்த்தை. இவர் போனை எடுத்தார், முதலுதவிக்குத் தேடுகிறார் என்று நினைத்தேன். "இந்தச் சாந்து இல்லாத கல் கட்டு 2018-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்திருக்கு, அப்போ குரோஷியாவோட சேர்த்து மொத்தம் எட்டு நாடு" என்றார். பட்டியலில் இருப்பது கட்டுகிற கலைதான், நான் கலையை இடிக்கவில்லை என்று ரத்தம் ஒழுக ஒழுக வாதாடினேன். சின்னவன் மட்டும் முட்டியைப் பார்த்தான். பார்த்துவிட்டு, பிஸ்கட் இருக்கா என்று கேட்டான்.

போகலாம் என்றேன். அடுத்தவன் சுவரை இடித்துப் போட்டுவிட்டுப் போகிற பழக்கம் நம் குடும்பத்தில் கிடையாது என்று அப்பா சொல்லிவிட்டார். முழுக்கையை மடித்துவிட்டார். என் ஷூ கயிற்றை உருவி ஒரு கல்லைக் கட்டித் தூக்குக்குண்டு செய்துகொண்டார். நான் சித்தாள். பெரிய கல் ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம், சில்லு தனியே என்று பிரித்து அடுக்கச் சொன்னார். இரண்டு முகமாக எழுப்பி, நடுவே பொடிக்கல்லைத் திணித்து, அங்கங்கே இரண்டு முகத்தையும் பிடிக்கிற நீளக்கல்லைக் குறுக்கே போட்டு, மூட்டு மேல் மூட்டு வராமல் ஏற்றினார். நான் கொடுத்த கல்லில் பத்துக்கு ஏழைத் திருப்பிப் போட்டார். "முகம் பாத்துக் குடு பாப்பா, முகம் பாத்துக் குடு." கல்லுக்கு ஏதப்பா முகம்? முட்டி எரிகிறது. இவரோ பையனுக்குப் பிஸ்கட் ஊட்டுகிற மும்முரத்தில் இருக்கிறார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து டிராக்டர் சத்தம். தொட்டி தொட்டியாய் ஆலிவ் ஏற்றிக்கொண்டு ஒரு பெரியவர், அப்பா வயதுதான் இருக்கும், இறங்கி வந்தார். இவர் தனக்குத் தெரிந்த இத்தாலியத்தில் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். அந்தப் பக்கம் இத்தாலியமும் புழங்குகிற மொழிதான். ஆனால் பெரியவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. அப்பா வைத்த ஒரு கல்லை உருவி, திருப்பி, தன் பாணியில் வைத்தார். அப்பா அதை உருவிப் பழையபடியே வைத்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெரியவர் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கீழே கிடந்த சில்லு ஒன்றை எடுத்து, அப்பாவின் கல்லுக்கு அடியில் செருகி, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். அப்பா கல்லை அசைத்துப் பார்த்தார், அசையவில்லை. "ம்" என்றார். அவரும் "ம்" என்றார். மிச்சச் சுவரை இரண்டு பேருமாக எழுப்பினார்கள்.

முடிந்ததும் பெரியவர் அப்பாவின் தோளைத் தட்டி, "மாய்ஸ்தோர்!" என்றார்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே. "பாத்தியா, மேஸ்திரின்னு அவனுக்கே தெரியுது!"

அந்த ஊர் மொழியில் கைதேர்ந்த வேலைக்காரனுக்கு அதுதான் பெயராம். போர்ச்சுகீசியர் வழியாக நமக்கு வந்த மேஸ்திரிக்கும் இதற்கும் வேர் ஒரே லத்தீன் சொல் என்று இவர் இரவு தேடிக் கண்டுபிடித்தார். அப்பாவிடம் சொல்லவில்லை. தன் தொழில் தன் முகத்திலேயே எழுதியிருக்கிறது என்று அவர் நம்புகிறார், இருக்கட்டும்.

பெரியவர் டிராக்டர் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு தகர டின் எடுத்துக் கொடுத்தார். மூன்று லிட்டர் எண்ணெய், பச்சைப் பசேலென்று. இன்றைக்குக் காலையிலிருந்து அம்மா அதை எடை இயந்திரத்தில் வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறாள். டின் ஊருக்குப் போகிற பெட்டியில் ஏறினால் அவள் வாங்கிய இரண்டு போர்வையும் இங்கேயே தங்கிவிடும். நல்லெண்ணெய் மாதிரி வருமா என்று கேட்டுப் பார்த்தாள். அப்பா பதில் சொல்லவில்லை.

என் முட்டியைப் பற்றி இதுவரை யாரும் விசாரிக்கவில்லை. தையல் இல்லை, பொருக்குத் தட்டிவிட்டது, கேட்டதற்கு நன்றி.

சற்று முன் அப்பா பால்கனியில் நின்று ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார். பழைய கூட்டாளி, அவரோடு அந்தக் காலத்தில் சேர்ந்து பாஸ்போர்ட் எடுத்தவர். காது கேட்காதவர் ஆனதால் தெரு முழுக்கக் கேட்டது.

"ஆமாடா, வெளிநாட்டுல ஒரு வேலை எடுத்துச் செஞ்சு குடுத்துட்டேன். அரை நாள் வேலை. கூலிக்கு எண்ணெய் குடுத்தான்." கொஞ்சம் நிறுத்தினார். "வேலை சுத்தம்டா. சித்தாளுதான் சரியில்ல."